கொளுத்தும் சருகும் வீசும் மரக்கறித் தோலும்: திருகோணமலை வீடுகளுக்குக் குப்பை பற்றிய எளிய விளக்கம்

திருகோணமலையில் மரம் நிற்கிற வளவு உள்ள வீடுகளில் இரண்டு வேலை நாள் தவறாமல் நடக்கும். விடிந்ததும் முற்றத்தைக் கூட்டி, வேப்பஞ்சருகையும் மாவிலையையும் மூலையில் குவித்துக் கொளுத்துவார்கள். குசினியில் சேர்ந்த மரக்கறித் தோல், மீன் குடல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைத் தூள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கட்டி ஒழுங்கை முனையில் வைப்பார்கள். முதலாவது புகையாகப் போகிறது, இரண்டாவது நாறுகிறது. மீன் கழிவைத் தவிர்த்து இரண்டையும் ஒரே தொட்டிக்குள் போட்டிருந்தால் மூன்று நாலு மாதத்தில் நல்ல பசளை கிடைத்திருக்கும். வீட்டுக் குப்பையைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர் பிளாஸ்ரிக்கில் இருந்து தொடங்காமல் இங்கே இருந்து தொடங்குவதுதான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணம் எளிது. இலங்கையில் வீடுகளில் இருந்து போகும் குப்பையை நிறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உக்கும் குப்பைதான். அந்த ஈரம்தான் மிச்சத்தையும் கெடுக்கிறது. காய்ந்த கடதாசிக்கும் கழுவின போத்தலுக்கும் வாங்குபவர் இருக்கிறார். சொதியும் மீன் தண்ணீரும் ஊறின கடதாசியை யாரும் கையால் தொடமாட்டார்கள். ஈரத்தை மட்டும் வீட்டோடு நிறுத்திவிட்டால் வெளியே போகும் பை பாதியாகக் குறையும். மிச்சம் நாறாது, காகமும் நாயும் கிழிக்காது, நாலு நாள் வைத்திருந்தாலும் பிரச்சினை இல்லை.

கொட்டுமிடத்துக்குப் போன ஈரக் குப்பை அங்கே நல்லபடியாக உக்குவதும் இல்லை. மேலே மேலே கொட்டி அமுக்கப்படுவதால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்கும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கும். மாரியில் அந்தக் குவியலுக்குள் இறங்கும் மழைநீர் கறுப்புச் சாறாக வெளியே வந்து நிலத்துக்குள் போகும். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் குப்பையோடு பொலித்தீனையும் தின்று செத்திருக்கின்றன. எங்கள் ஊரில் கோட்டைக்குள்ளும் கடற்கரை ஓரத்திலும் திரியும் புள்ளிமான்களும் சாப்பாட்டு வாசம் பிடித்துப் பையோடு சேர்த்து விழுங்குகின்றன. அசைபோடும் விலங்கின் வயிற்றுக்குள் போன பொலித்தீன் செரிக்காது, எளிதில் வெளியேயும் வராது, உள்ளேயே திரளும். வயிறு நிறைந்தது போலவே இருக்க, மான் மெலிந்துகொண்டு போகும். பைக்குள் சோறு இல்லாவிட்டால் மான் அந்தப் பையைத் தேடி வராது.

கூட்டெரு: இரண்டு பங்கு சருகு, ஒரு பங்கு ஈரம்

உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு இரண்டு வகை இரை வேண்டும். காபன் அதிகமுள்ளவை ஒன்று: காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள், கிழித்த மட்டை. நைதரசன் அதிகமுள்ளவை மற்றது: மரக்கறித் தோல், பழக்கழிவு, தேயிலைத் தூள், பச்சைப் புல், மாட்டுச் சாணம். நிறைக்கணக்கில் 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். வீட்டில் யாரும் இதை அளந்துகொண்டு நிற்க முடியாது. ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். தொடங்கிப் பார்த்துக் கைவிட்டவர்களில் பெரும்பாலானோர் சருகு போடாமல் குசினிக் கழிவை மட்டும் கொட்டினவர்கள். அது உக்காது, அழுகும்.

ஆகவே தொட்டி வாங்குவதற்கு முன்பே சருகைச் சேர்க்கத் தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சருகு அள்ள அள்ளக் குறையாது. மாரி தொடங்கினால் காய்ந்த இலை ஒன்றும் கிடைக்காது. நாலைந்து உரப்பை நிறையக் கட்டித் தாவாரத்துக்குள் வைத்தால் மழைக்காலம் முழுவதற்கும் உதவும். மாவிலை, பலா இலை தடிப்பானவை, அப்படியே போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டித் தட்டாகிவிடும். உரப்பைக்குள் வைத்தே மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

தொட்டிக்குக் கடையில் விற்கும் கூட்டெருத் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்றின் அடியை வெட்டி எடுத்து, பக்கங்களில் ஒரு சாணுக்கு ஒன்றாகப் பெருவிரல் அளவுத் துளை போட்டால் போதும். பழைய பரல் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, இரசாயனம் இருந்த பரல் வேண்டாம். செலவு குறைவான இன்னொரு வழி கம்பிவலை: 10 அடி நீளம், 3 அடி அகலமான வலையை வட்டமாக வளைத்துக் கட்டினால் ஏறக்குறைய 3 அடி விட்டமுள்ள கூடு கிடைக்கும். எலி துளைத்து வராமல் அடியிலும் சின்னக் கண்ணுள்ள வலை விரிக்க வேண்டும். இரண்டு தொட்டி இருப்பது மிக நல்லது. ஒன்று நிரம்பி முதிரும்போது மற்றதில் போடலாம்.

இடம் முக்கியம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை. கிணற்று நீரும் ஆழத்தில் இல்லை. மணலில் குழி தோண்டிக் குப்பை போட்டால் மாரியில் குழி நிரம்பி, சாறு நேரே கிணற்றுக்குப் போகும். அங்கே குழி முறை வேண்டவே வேண்டாம். தரைக்கு மேலே தொட்டி வைத்து, கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி, மர நிழலில் வையுங்கள். மேலே மூடி, மூடியின்மேல் ஒரு கல். காகம், நாய், குரங்கு மூன்றுக்கும் அந்தக் கல்தான் பதில்.

போடும் முறை இப்படி. அடியில் அரை அடி உயரத்துக்குப் பொச்சுமட்டைத் துண்டும் சுள்ளியும். காற்று கீழிருந்து ஏற இது வேண்டும். அதன்மேல் நாலு விரற்கடைச் சருகு. ஒரு பிடி பழைய பசளை, அல்லது கரைத்த மாட்டுச் சாணம், இரண்டும் இல்லாவிட்டால் மரத்தடி மண். நுண்ணுயிர் இதிலிருந்துதான் வரும். பிறகு நாளாந்தம் குசினிக் கழிவைப் போட்டு, தோல் ஒன்றும் வெளியே தெரியாதபடி சருகால் மூடுங்கள். தர்ப்பூசணித் தோல், வாழைத்தண்டு போன்றவற்றை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிப் போட்டால் உக்கும் காலம் வெகுவாகக் குறையும். கிழமைக்கு ஒருமுறை அலவாங்கால் அல்லது உறுதியான தடியால் கிளறிவிடுங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஒரு பரல் நிரம்ப ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். நிரம்பியபின் இன்னும் இரண்டு மாதம் விட வேண்டும்.

ஈரம் சரியா என்று கையால்தான் பார்க்க வேண்டும். நடுவில் இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த துணி போல ஈரமாக இருந்து ஓரிரு துளி மட்டும் வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போதாது. உதிர்ந்து விழுந்தால் தண்ணீர் போதாது; கச்சான் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரிசி கழுவின தண்ணீரைத் தெளித்துவிடுங்கள்.

பிழைத்துப்போகும்போது தொட்டியே சொல்லும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை: கிளறி, சருகு சேர்த்து, இரண்டு நாள் ஈரக் கழிவு போடாமல் விடுங்கள். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் நைதரசன் மிஞ்சிவிட்டது. அதற்கும் சருகுதான் மருந்து. எறும்பு கூடு கட்டினால் காய்ந்துபோயிருக்கிறது. தட்டையான, மண்ணிறப் பெரிய புழுக்கள் நெளிவதைக் கண்டு பலர் தொட்டியையே கவிழ்த்துவிடுகிறார்கள். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். வீட்டு ஈ போல நோய் பரப்பாது, கழிவை வெகு வேகமாகத் தின்னும், கோழிக்கும் நல்ல தீன். சின்ன வெள்ளைப் புழுக்கள் என்றால் சோறோ மீனோ மேலே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே நடக்காததுபோல மாதக்கணக்காக அப்படியே இருந்தால் பெரும்பாலும் சருகு மிஞ்சிவிட்டது, இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது. சாணக் கரைசல் ஒரு வாளி ஊற்றிக் கிளறுங்கள்.

கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் முதிர்ந்துவிட்டது. அரை அங்குலக் கண்ணுள்ள வலையில் அரித்து, தங்கினதை அடுத்த தொட்டிக்குள் போடுங்கள். முதிராத பசளையைச் செடிக்குப் போட்டால் அது மண்ணில் உள்ள நைதரசனை இழுத்து இலை மஞ்சளாகும். அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான். எங்கள் மணல் தரைக்கு இந்தப் பசளையின் பெரிய உதவி சத்தை விட, தண்ணீரைப் பிடித்து வைப்பது. கத்தரி, மிளகாய்ச் செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைபிடி போட்டு மண்ணால் மூடினால் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது குறையும்.

மீன் கழிவு

திருகோணமலையில் குசினிக் கழிவு என்றால் அதில் மீன் இல்லாமல் இராது. செதில், குடல், செவுள் இவற்றைச் சின்னத் தொட்டிக்குள் போடாதீர்கள். சின்னக் குவியல் போதிய சூடு ஏறாது; நாற்றமும் புழுவும்தான் வரும். தென்னை, வாழை அடியில் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, போட்டு, மண் மூடி மிதித்துவிடுங்கள். ஆழம் குறைந்தால் அன்றிரவே நாய் கிளப்பிவிடும். மரத்தின் அடித்தண்டில் இருந்து மூன்று அடி தள்ளித் தோண்டினால் வேர் அறுபடாது. அடுத்தமுறை வட்டத்தில் இன்னொரு இடம். கிணற்றடி வாழைக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

வீட்டுத்தோட்டம் பெரிதாகச் செய்பவர்கள் மீன் அமிலம் என்ற திரவப் பசளையைத் தயாரிக்கலாம். ஒரு கிலோ மீன் கழிவைத் துண்டாக்கி ஒரு கிலோ சர்க்கரையோடு பிசைந்து, வாளியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி மூடி நிழலில் வையுங்கள். வாயு சேரும், ஆகவே மூடியை நாளுக்கு ஒருமுறை தளர்த்திவிட வேண்டும். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடினால் வெடிக்கும். மூன்று நாலு கிழமையில் மண்ணிறத் திரவமாகும். வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து இலையில் தெளிக்கலாம். அளவு கூடினால் இலை கருகும்.

வளவில்லாத வீடுகளுக்கு

நகரத்துக்குள் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் 20 லீற்றர்ப் பெயின்ற் வாளி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம். மேல் வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை, கீழ் வாளி சாறு சேர. சருகு கிடைக்காது, மரத்தூளோ தும்புத்தூளோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடதாசி முட்டைத் தட்டையும் கிழித்துப் போடலாம். இதில் மரக்கறி, பழம், தேயிலை, நொறுக்கின முட்டைக் கோது மட்டும். மிஞ்சின சோறு, எண்ணெய்க் கறி, எலும்பு வேண்டாம். கீழே சேரும் சாற்றைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம்.

ஏன் கொளுத்தக் கூடாது

குப்பையைக் கொளுத்துவது 2017 செப்ரெம்பர் 1 முதல் இலங்கையில் சட்டப்படி தடை. தண்டனைக்குப் பயந்து விடுவதை விட, அதில் நடப்பதைத் தெரிந்து விடுவது நல்லது. முற்றத்து நெருப்பில் சூடு போதாது. பொலித்தீன் முழுதாக எரியாமல் கரிப்புகையாகும். பீ.வீ.சீ. குழாய்த் துண்டு, வயர் உறை போன்றவற்றில் குளோரின் இருப்பதால் டயொக்சின் என்ற நச்சு உண்டாகும். அது உடம்புக் கொழுப்பில் சேர்ந்து பல ஆண்டு தங்கும். சருகை மட்டும்தானே கொளுத்துகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் புகையில் உள்ள நுண்துகள் முட்டுக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் பொல்லாதது, கச்சான் காற்றில் ஒரு பொறி போதும் கிடுகு வேலி பற்றிக்கொள்ள. நல்ல காபனை எரித்துவிட்டுக் கடையில் பசளைப் பை வாங்குவதில் நியாயமும் இல்லை.

பிளாஸ்ரிக்: வீட்டுக்குள் வராமல் பார்ப்பது

வந்த பிளாஸ்ரிக்கை என்ன செய்வது என்பதை விட வராமல் தடுப்பது சுலபம். மீன் வாங்கப் போகும்போது மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் டப்பாவைக் கொண்டுபோங்கள், அல்லது பனையோலை உமல். மீன்காரருக்கு அது புதிதில்லை. உமலில் மீன் வாங்கின ஊர்தான் இது. மரக்கறிக்கு இரண்டு துணிப்பை போதும், ஒன்று கிழங்கு வெங்காயத்துக்கு, மற்றது கீரை தக்காளிக்கு. பை மறந்துபோவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ சைக்கிள் கூடைக்குள்ளோ ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

சோற்றுப் பார்சல் அடுத்த பெரிய வாயில். லஞ்ச் சீற், ரெஜிபோம் பெட்டி, கைபிடிப் பொலித்தீன் பை பலவும் 2017இலேயே தடை செய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர்ந்த 20 கிராமுக்கு, 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சின்னப் பக்கற்றுகளும், 2023 ஒக்ரோபர் 1 முதல் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, கப், இடியப்பத் தட்டு, மாலை போன்றவையும் தடைக்குள் வந்தன. ஆனாலும் தடையான சாமான் சந்தையில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கேட்காமல் இருந்தால்தான் கடைக்காரர் வாங்கி வைப்பதை விடுவார். கொத்துரொட்டி எடுக்கப் போனால் எவர்சில்வர் டப்பாவை நீட்டுங்கள். வீட்டில் பார்சல் கட்டுவதென்றால் வாழையிலையை நெருப்பில் லேசாக வாட்டிக் கட்டுங்கள். வாட்டாவிட்டால் மடிப்பில் கிழிந்து கறி ஒழுகும்.

‘உக்கும் பை’ என்று எழுதினதெல்லாம் வீட்டுத் தொட்டிக்குள் உக்காது. அவற்றில் பல 60 பாகை அளவு சூடு பல நாள் நிற்கும் பெரிய நிலையங்களில்தான் உக்கும். கடலில் விழுந்தால் சாதாரணப் பை மாதிரியே நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். கடதாசிக் கப்பும் அப்படித்தான்; உள்ளே மெல்லிய பொலித்தீன் பூச்சு இருப்பதால்தான் தேநீர் ஊறாமல் நிற்கிறது. கோயில் தண்ணீர்ப் பந்தலிலும் வெசாக் தன்சலிலும் நோன்புக் கஞ்சி கொடுக்குமிடத்திலும் எவர்சில்வர் குவளையும், கழுவ இரண்டு பேசினும் வைத்தால் அந்த நாளில் ஆயிரக்கணக்கான கப் மிச்சம். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். கழுவுவதற்கு ஆள் நிற்பாட்டாமல் குவளை மட்டும் வைத்த இடங்களில் அரை மணித்தியாலத்தில் எல்லோரும் மீண்டும் கப்புக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஆளை முதலே ஒழுங்கு செய்யுங்கள்.

ஒழுங்கையில் விழுந்த பை மழையோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலோடு கடலுக்கும் போகும். நீரில் மிதக்கும் பை ஆமைக்குச் சொறிமுட்டையாகத் தெரியும், விழுங்கிவிடும். புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லில் சிக்கின பை வெளிச்சத்தை மறைத்து, உரசி, முருகையைச் சாகடிக்கும். 2003இல் தேசிய பூங்காவாக்கிப் பாதுகாக்கும் அந்த இடத்துக்கு ஊரின் வாய்க்காலில் இருந்து வருவதைத் தடுக்க வேலி கிடையாது.

மாரிக்கு முன்பு வளவில் இன்னொரு சுற்று வர வேண்டும். யோகட் கப், சிரட்டை, பழைய ரயர், கவிழ்ந்து கிடக்கும் மூடி எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் வரை ஏழு முதல் பத்து நாள்தான். முட்டை தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது.

மிஞ்சுவது

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவதை இரண்டாகப் பிரியுங்கள். விற்கக்கூடியது: அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று இலக்கமிட்ட போத்தல், டப்பா, தகரம், கண்ணாடிப் போத்தல், கடதாசி. பாத்திரம் கழுவின கடைசித் தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, போத்தலை நசுக்கி ஒரு உரப்பைக்குள் சேருங்கள். பழைய இரும்பு, போத்தல் வாங்குபவர் வரும்போது கொடுக்கலாம். உள்ளே வெள்ளி நிறப் பூச்சுள்ள பால்மா, பிஸ்கற் பக்கற்றுகள் பல படை ஒட்டினவை. பிரிக்க முடியாததால் பெரும்பாலும் யாரும் வாங்கமாட்டார்கள். பெரிய பக்கற்றாக வாங்கினால் இந்த வகை குறையும்.

சபை வண்டிக்குப் போவது அணையாடை, ஈரத்துணிக் கழிவு, இந்தப் பக்கற்றுகள் போன்ற கொஞ்சம்தான். அதை அள்ளுகிறவர் வெறுங்கையால் அள்ளுகிறார் என்பதை மனதில் வைத்துக் கட்டுங்கள். உடைந்த கண்ணாடியைப் பல மடிப்புக் கடதாசியில் சுற்றி, வெளியே ‘கண்ணாடி’ என்று எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள். நீரிழிவுக்காரர் வீட்டு இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டு மூடி இறுக்கி, நிரம்பினதும் மருந்து எடுக்கும் ஆஸ்பத்திரியில் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். பற்றரியும் சுருள் பல்பும் பாதரசம், ஈயம் போன்றவை உள்ளவை. அவை உக்கும் தொட்டிக்குள்ளும் போகக் கூடாது, நெருப்புக்குள்ளும் போகக் கூடாது. ஒரு பழைய பால்மா டின்னில் சேர்த்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்கும் வரை பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.